முழுவதும் வெளியே வரும் இழுப்பறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையலறை இழுப்பறைகளின் பழைய சேனல்களை (இழுப்பறை ஓடும் உலோகத் தடங்களை) கழற்றிவிட்டு, முழு நீளமும் வெளியே வரும் சேனல்களைப் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம், கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் சமையலறை இழுப்பறைகளில் வெள்ளைப் பூச்சுடன், பிளாஸ்டிக் சக்கரம் வைத்த சேனல்கள் இருக்கின்றன. எவ்வளவு இழுத்தாலும் கால்பங்கு உள்ளேயே நின்றுவிடுகிறது; பின்னால் இருப்பதை எடுக்கக் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு சேனலை மட்டும் பால் பேரிங் வகைக்கு, அதாவது சிறு எஃகுக் குண்டுகளின் மேல் ஓடும் வகைக்கு, மாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் கடைக்குச் செல்வதற்கு முன் நான்கைந்து அளவுகளை எடுத்துவிட வேண்டும். இந்த வேலை நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த அளவுகளில்தான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது ரோலர் சேனல். அதில் பக்கத்துக்கு இரண்டே துண்டுகள்; ஒன்று அலமாரியின் உட்பக்கத்திலும் மற்றொன்று இழுப்பறையிலும் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டுமானால் ஓரளவேனும் ஒன்றோடொன்று படிந்திருந்தாக வேண்டும் என்பதால், 500 மி.மீ. நீளமுள்ள பெட்டியில் ஏறத்தாழ 125 மி.மீ. எப்போதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. முழு நீளச் சேனலில் இவற்றுக்கு நடுவே மூன்றாவது துண்டு ஒன்று உண்டு. அது தானும் வெளியே வந்து, இழுப்பறைத் துண்டை மீதித் தூரத்துக்குத் தாங்கிக் கொடுப்பதால், பெட்டியின் பின்பலகை அலமாரியின் முன்விளிம்பு வரை வந்துவிடுகிறது. டெலஸ்கோப்பிக் சேனல் என்று விற்கப்படுவது இதுதான்.

உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. ரோலர் சேனலும் சாதாரண பால் பேரிங் சேனலும் ஏறக்குறைய ஒரே இடைவெளிக்காகச் செய்யப்படுபவை. பெட்டிக்கும் அலமாரிக்கும் நடுவே பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது 12.5 முதல் 12.7 மி.மீ. வரை வேண்டும். ஆகவே ரோலர் சேனலுக்காகச் செய்த பெட்டி கணக்குப்படி பால் பேரிங் சேனலுக்கும் பொருந்த வேண்டும்.

கணக்குப்படி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரோலர் சேனல் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அதன் ஒரு பக்கத் தடம் சக்கரத்தை இரு புறமும் அணைத்துப் பிடித்திருக்கும். மறுபக்கத் தடமோ தட்டையாக இருந்து, சக்கரம் பக்கவாட்டில் சற்றே நகர இடம் தரும். பெட்டி 2 மி.மீ. குறுகலாக இருந்தாலும், அலமாரி பின்பக்கம் சற்று விரிந்திருந்தாலும் இழுப்பறை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டாருக்கு அப்படியொரு பிழை இருப்பதே தெரியாது. பால் பேரிங் சேனல் இரு பக்கமும் இறுக்கமான தடத்தில் ஓடுவது. மொத்த அகலத்தில் ஒரு மி.மீ. வேறுபட்டாலே அது தன் எதிர்ப்பைக் காட்டத் தொடங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடிய இழுப்பறை புதிய சேனல் போட்டதும் இறுகிப்போனால், குறை பெரும்பாலும் சேனலில் இல்லை. அதுவரை மறைந்திருந்த பிழை வெளிப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

எனவே இழுப்பறையை முழுவதும் இழுத்து, முன்பக்கத்தைச் சற்றே தூக்கிக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரியின் உள் அகலத்தை முன்விளிம்பிலும் பின்பக்கத்திலும், ஒவ்வோரிடத்திலும் மேலும் கீழுமாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அலமாரியின் முன்பக்கம் சட்டம் அடித்ததாக இருந்து, அந்தச் சட்டம் பக்கப்பலகையைவிட உள்நோக்கி நீண்டிருந்தால், சட்டத்தின் இடைவெளியே உங்கள் அளவு. பக்கப்பலகையின் மேல் அந்தச் சட்டத்துக்குச் சமமாகும்வரை மரப்பட்டை வைத்து நிரப்ப வேண்டியிருக்கும். பிறகு பெட்டியின் வெளி அகலத்தை முன்னும் பின்னும் அளந்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அலமாரி அகலத்துக்கும் பெட்டி அகலத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லா இடங்களிலும் 25.5 முதல் 26.5 மி.மீ.க்குள் இருந்தால் தயக்கமின்றிச் சேனலை வாங்கலாம். வேறுபாடு அதிகமாக இருந்தால் சேனலுக்குப் பின்னால் மெல்லிய பட்டை வைத்து ஈடுகட்டலாம். குறைவாக இருந்தால்தான் சிக்கல். பிளைவுட் அல்லது கட்டை மரப் பெட்டியானால் இழைப்புளியால் ஒரு மி.மீ. வரை இழைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் என்றால் பெட்டியைப் பிரித்துச் சிறிதாக்குவதே வழி. மேலே தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டை இழைக்க வேண்டாம்.

பெட்டியின் பக்கப்பலகை குறைந்தது 12 மி.மீ. தடிமனும், 45 மி.மீ. உயரச் சேனலைத் தாங்கும் அளவுக்கு உயரமும் கொண்டிருக்க வேண்டும். பக்கச் சுவரே உலோகத் தகடாகவும் அதுவே சேனலாகவும் அமைந்த இழுப்பறைகளில் சேனலை மட்டும் மாற்ற முடியாது.

எளிதில் கண்ணில் படாத ஒன்று: ரோலர் சேனலின் இழுப்பறைத் துண்டு 'எல்' எழுத்தைப் போல வளைந்து பெட்டியின் அடிவிளிம்பைத் தாங்கியிருக்கும். அடிப்பலகையைக் கீழிருந்து வெறும் சிறு ஆணி அடித்துப் பொருத்திய மலிவான பெட்டிகளில், அந்த அடிப்பலகை விழாமல் இருந்ததே இந்த வளைவால்தான். பக்கவாட்டுச் சேனலுக்கு மாறியதும் அந்தத் தாங்கல் போய்விடும். ஆகவே பழைய சேனலைக் கழற்றிய கையோடு அடிப்பலகையை மரப்பசையும் திருகுகளும் கொண்டு உறுதிப்படுத்துங்கள்.

கேள்வி: அலமாரியின் உள் ஆழம் 530 மி.மீ. எந்த நீளச் சேனலை வாங்குவது? பெட்டியைவிடச் சிறிய சேனல் போட்டால் என்ன ஆகும்?

பதில்: சேனல்கள் பெரும்பாலும் 50 மி.மீ. இடைவெளியில் 250 முதல் 600 மி.மீ. வரை கிடைக்கின்றன. உங்கள் ஆழத்துக்கு 500 மி.மீ. சரியானது, மெதுவாக மூடும் அமைப்புடைய சேனலுக்குப் பின்னால் சற்றுக் கூடுதல் இடம் தேவைப்படும் என்பதையும் இந்த அளவு கவனித்துக்கொள்கிறது. ஆனால் ஆழத்தை அளக்கும்போது பின்பலகை வரை அளந்தால் போதாது. தொட்டியின் கழிவுநீர்க் குழாயோ, எரிவாயுக் குழாயோ, மின்செருகியோ நீட்டிக்கொண்டிருந்தால், அதன் முனை வரைதான் உங்கள் ஆழம்.

500 மி.மீ. பெட்டிக்கு 450 மி.மீ. சேனல் போட்டால் கடைசி 50 மி.மீ. உள்ளேயே நிற்கும், மாற்றியதன் பயன் அந்த அளவுக்குக் குறையும். சமையல் மேடைக் கல் இழுப்பறையின் முகப்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் வீடுகளில், முழு நீளச் சேனல் போட்ட பிறகும் பெட்டியின் பின்மூலை அந்தக் கல்லின் அடியிலேயே இருப்பதைப் பார்க்கலாம். மேல் இழுப்பறைக்கு மட்டும், தன் நீளத்தைத் தாண்டி 25 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக வரும் சேனல் கிடைத்தால் அந்தக் குறையும் தீரும்; மற்ற இழுப்பறைகளுக்கு அது தேவையில்லாத செலவு.

கதவுக்குப் பின்னால் இழுப்பறை வைப்பவர்கள் கீலை மறந்துவிடுகிறார்கள். திறந்த நிலையிலும் கதவின் ஒரு பகுதியும் கீலும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்; பெட்டி அவற்றில் இடிக்காமல் வர, சேனலுக்குப் பின்னால் பட்டை வைத்து அதை உள்நோக்கித் தள்ளியாக வேண்டும். அந்த அளவுக்குப் பெட்டியும் குறுகும்.

கேள்வி: பக்கவாட்டுச் சேனல் நல்லதா, பெட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் அண்டர்மவுண்ட் சேனல் நல்லதா? இரண்டாவது விலை உயர்ந்தது என்பதால் அதுவே சிறந்தது என்று சொல்கிறார்கள்.

பதில்: புதிதாகப் பெட்டி செய்வதானால் அண்டர்மவுண்ட், பழைய பெட்டியில் மாற்றுவதானால் பக்கவாட்டு பால் பேரிங். இது என் உறுதியான கருத்து.

அண்டர்மவுண்ட் சேனலின் நன்மைகளை மறுக்க முடியாது. இழுப்பறையைத் திறந்தால் உலோகம் கண்ணில் படாது. மேலிருந்து சிந்தும் மாவும் நீரும் நேராகத் தடத்தில் விழாது. முன்பக்கத்தில் உள்ள பிடிகளைக் கொண்டு முகப்பைச் சில மி.மீ. ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். அந்தப் பிடிகளை அழுத்திப் பெட்டியை எளிதாகத் தூக்கி எடுக்கலாம். ஆனால் அது பெட்டியைத் தன் அளவுக்கு வரச் சொல்லும். பரவலாகக் கிடைக்கும் வகைகளில், பக்கப்பலகை அதிகபட்சம் 16 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும்; பெட்டியின் உள் அகலம் அலமாரியின் உள் அகலத்தைவிட 42 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அடிப்பலகைக்குக் கீழே ஏறத்தாழ 13 மி.மீ. ஆழமுள்ள வெற்றிடம் வேண்டும். பின்பலகையில் சேனல் நுழைய வெட்டும், அதன் கொக்கி மாட்ட 6 மி.மீ. துளையும் போட வேண்டும். பெட்டியின் நீளமும் சேனலின் நீளத்துக்கு ஒத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை உங்கள் பழைய பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கவாட்டுச் சேனலுக்காகச் செய்த பெட்டியின் வெளி அகலம் அலமாரியைவிட 25 மி.மீ. குறைவு. அண்டர்மவுண்ட் கேட்பதோ, 16 மி.மீ. பலகையில், 10 மி.மீ. மட்டுமே குறைவான பெட்டி. ஆக, பழைய பெட்டி 15 மி.மீ. குறுகலாக நிற்கும். அலமாரியின் இரு பக்கமும் ஏழரை மி.மீ. பட்டை வைத்து ஈடுகட்டலாம் என்றாலும், அடிவெற்றிடமும் பின்வெட்டும் அந்தப் பெட்டியில் இருக்காது. இவ்வளவையும் திருத்துவதைவிடப் புதிய பெட்டி செய்வது எளிது.

மெதுவாக மூடும் அமைப்பைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். மூடும்போது கடைசிச் சில சென்டிமீட்டரில் ஒரு விற்சுருள் இழுப்பறையை உள்ளே இழுக்க, ஒரு தணிப்பான் அந்த வேகத்தை அடக்குகிறது. கனமான, அகலமான இழுப்பறைகளுக்கு இது மிகவும் பயனுள்ளது. கரண்டிகள் மட்டும் வைக்கும் சிறிய, எடையற்ற இழுப்பறைக்கு இதைப் போட்டால், திறக்கும்போது அந்த விற்சுருளை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் கைக்குச் சற்றே முரடாகத் தோன்றும். எல்லா இழுப்பறைகளுக்கும் ஒரே வகையைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டிலுள்ள பழைய மர அலமாரியின் இழுப்பறைகளில் சேனலே இல்லை. மரச்சட்டத்தின் மேல் மரமாகவே தேய்த்துக்கொண்டு ஓடுகின்றன. இவற்றுக்கு பால் பேரிங் சேனல் போட முடியுமா?

பதில்: அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு முடியாது. மரத்தின் மேல் ஓடும் இழுப்பறையில் பக்கத்துக்கு ஓரிரு மி.மீ. இடைவெளிதான் இருக்கும், சேனலுக்கு அரை அங்குலம் வேண்டும். புதிய பெட்டி செய்து, பழைய முகப்புப் பலகையை மட்டும் அதில் பொருத்திக்கொள்ளலாம். உள் அகலம் மொத்தத்தில் ஓர் அங்குலம் வரை குறையும் என்பதையும், அதில் வைத்திருந்த அகலமான தட்டுகள் பிறகு நுழையுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி புறாவால் இணைப்புடன் (பலகை முனைகளைப் புறாவின் வால் வடிவில் வெட்டிக் கோத்து) கட்டை மரத்தில் செய்யப்பட்டதானால், அதை அறுத்துச் சிறிதாக்க வேண்டாம் என்றே சொல்வேன். தேய்ந்த மரச்சட்டத்தைப் புதுப்பித்து, உரசும் இடங்களில் மெழுகு தேய்த்தால் அது இன்னும் பல காலம் ஓடும். முழுவதும் வெளியே வராது. ஆனால் அந்த அலமாரி அதற்காகச் செய்யப்பட்டதும் அன்று.

கேள்வி: சேனலை வாங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வருமாறு நானே பொருத்த என்ன முறை? எந்தத் திருகு, எத்தனை துளை என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் சேனலைப் பிரித்துக்கொள்ளுங்கள். முழுவதும் நீட்டினால் உட்துண்டின் பக்கத்தில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் நெம்பு ஒன்று தெரியும். அதை ஒரு பக்கம் தள்ளியபடி இழுத்தால் இழுப்பறைத் துண்டு தனியாக வந்துவிடும். பொருத்திய இழுப்பறையைக் கழற்றும்போது ஒரு பக்க நெம்பை மேலேயும் மறுபக்க நெம்பைக் கீழேயும் தள்ள வேண்டியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்; ஒரே சேனலை இரு பக்கத்துக்கும் திருப்பிப் போடுவதால் அவ்வாறு அமைகிறது.

மட்டத்துக்கு அளவுநாடாவை நம்புவதைவிட ஒரு பலகைத் துண்டை நம்புவது மேல். சேனலின் அடிவிளிம்பு எந்த உயரத்தில் வர வேண்டுமோ அந்த உயரத்துக்கு ஒரு பலகையை வெட்டி, அலமாரியின் அடித்தளத்தில் நிறுத்தி, அதன் மேல் சேனலை வைத்துத் திருகுங்கள். அதே பலகையை மறுபக்கத்துக்கும் வைத்தால் இரண்டும் ஒரே உயரத்தில் அமைந்தே தீரும். முன்னும் பின்னும் ஒரே மட்டம் என்பதும் தானாகவே கிடைத்துவிடும். மூன்று நான்கு இழுப்பறைகள் அடுக்காக இருந்தால் மேலே உள்ளதிலிருந்து தொடங்குங்கள். அது முடிந்ததும் பலகையை அடுத்த உயரத்துக்கு அறுத்துக்கொண்டே கீழே வரலாம். கீழிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் புதிய பலகை வேண்டும்.

முகப்புப் பலகை அலமாரியின் விளிம்பின்மேல் படிவதானால், சேனலின் முன்முனை அந்த விளிம்பிலிருந்து 2 அல்லது 3 மி.மீ. உள்ளே இருக்கட்டும். முகப்பு அலமாரிக்குள்ளேயே அடங்குவதானால், முகப்பின் தடிமனையும் அதோடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். இழுப்பறைத் துண்டுக்குப் பெட்டியின் பக்கத்தில் நேர்கோடு ஒன்று வரைந்து, துளைகளின் நடுவில் அந்தக் கோடு தெரியும்படி வைத்துப் பொருத்துவது எளிது.

சேனலில் வட்டத் துளைகளும் நீள்துளைகளும் கலந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் நீள்துளைகளில் மட்டும் திருகுங்கள். இழுப்பறைத் துண்டில் உள்ளவை மேல்-கீழ் நகர்த்தவும், அலமாரித் துண்டில் உள்ளவை முன்-பின் நகர்த்தவும் உதவும். பெட்டியை மாட்டி ஓட்டிப் பார்த்து, திருப்தி ஏற்பட்ட பிறகே வட்டத் துளைகளில் திருகி நிலைப்படுத்த வேண்டும். அவசரத்தில் எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் திருகிவிட்டால், பிறகு அரை மி.மீ. நகர்த்த வேண்டுமென்றாலும் புதிய துளை போட வேண்டியிருக்கும். பழைய துளைக்கு அருகில் போடும் புதிய துளையில் திருகு வழுக்கிப் பழையதற்குள்ளேயே போய்விடும். ரோலர் சேனல் விட்டுச்சென்ற துளைகளுக்கும் இது பொருந்தும். புதிய துளை அவற்றுக்கு நெருக்கமாக அமைந்தால், பழையதை மரக்குச்சியும் பசையும் கொண்டு அடைத்து, காய்ந்த பிறகு வேலையைத் தொடருங்கள்.

18 மி.மீ. பலகைக்கு 3.5 மி.மீ. தடிமனும் 16 மி.மீ. நீளமும் உள்ள திருகு போதும். 12 மி.மீ. பக்கப்பலகையில் அதே திருகைப் போட்டால் முனை உள்ளே நீட்டி, பொருள் எடுக்கும் கையைக் கிழிக்கும். அங்கே 12 மி.மீ. திருகுதான். திருகின் தலை தடத்தைவிட உயர்ந்து நிற்கக் கூடாது என்பது நீளத்தைவிட முக்கியம், ஏனெனில் உயர்ந்த தலையில் குண்டு வரிசை இடித்து நிற்கும். 2 முதல் 2.5 மி.மீ. முனையால் முன்துளை போட்டுக்கொண்டு, கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே இறுக்குங்கள். பார்ட்டிகிள் போர்டில் மின்கருவியால் ஒரு சுற்று அதிகமானாலும் துளை பொடிந்து திருகு சும்மா சுழலும்.

பெட்டியை மாட்டுவதுதான் பலர் தவறும் இடம். அலமாரித் துண்டுகளில் உள்ள, குண்டுகளைப் பிடித்திருக்கும் சட்டத்தை முதலில் முன்முனைக்கு இழுத்து வைத்துக்கொண்டு, பெட்டியின் இரு பக்கத் துண்டுகளையும் ஒரே நேரத்தில், நேராக, அதற்குள் நுழைக்க வேண்டும். முதல்முறை மூடும்போது சிறிது தடை தெரிவது இயல்பு. சீராகத் தள்ளினால் போய்விடும். கடினமாகத் தடுத்தால் வலிந்து தள்ளாமல் வெளியே எடுத்து மறுபடி நுழைத்துப் பாருங்கள். கோணலாக நுழைத்துத் தள்ளினால் குண்டுகள் உதிர்ந்துவிடும்; உதிர்ந்த குண்டுகளைப் பொறுக்கி மறுபடி அடைக்க முயல்வதைவிட அந்தச் சேனலை மாற்றிவிடுவதே நல்லது.

முகப்புப் பலகை தனியாக இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் இறுதியில் பொருத்துங்கள். இருபுற ஒட்டுநாடாவால் பெட்டியில் ஒட்டி, பக்கத்து முகப்புகளோடு 3 மி.மீ. இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளிருந்து திருகலாம்.

கேள்வி: பொருத்தியாகிவிட்டது. ஆனால் இழுப்பறை பாதி வரை இலகுவாகச் சென்று, மூடும் நேரத்தில் இறுகுகிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை. சேனல் தரமற்றதா?

பதில்: சேனலைக் குறை சொல்வதற்கு முன் அலமாரியைப் பாருங்கள். மூடும்போது மட்டும் இறுகுகிறது என்றால், அலமாரியின் பின்பக்க அகலம் முன்பக்க அகலத்திலிருந்து வேறுபடுகிறது என்று பொருள். குறுகலாக இருந்தாலும் இறுகும், விரிந்திருந்தாலும் இறுகும். இரண்டிலும் குண்டுகளின் மேல் பக்கவாட்டு அழுத்தம் ஏறுகிறது.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு பக்க அலமாரித் துண்டின் பின்திருகுகளை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்திவிட்டு இழுப்பறையை மூடிப் பாருங்கள். இப்போது இலகுவாக மூடி, சேனலுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், பின்பக்கம் விரிந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குச் சமமான தடிமனில் மைக்காத் துண்டோ அட்டையோ அங்கே வைத்து மறுபடி இறுக்குங்கள். தளர்த்திய பிறகும் சேனல் பலகையோடு ஒட்டிக்கொண்டே இறுகினால் பின்பக்கம் குறுகல். அலமாரியின் பின்பலகையைப் பார்த்து, பக்கப்பலகை உள்நோக்கி வளைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலை மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றினால் அகலத்தில் பிழையில்லை, மட்டத்தில் பிழை. ஒரு பக்கச் சேனலின் பின்முனை மற்றதைவிட ஏறியோ இறங்கியோ இருக்கிறது.

மூடிய பிறகும் இழுப்பறை 5 மி.மீ. வெளியே நிற்பதாக எழுதிய மற்றொரு வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பின்னால் குழாயோ, வயரோ, நீட்டிய திருகு முனையோ இடிக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால், மெதுவாக மூடும் அமைப்பின் கொக்கி முன்பே விடுபட்டுப் பின்னால் போயிருக்கலாம். முழுவதும் திறந்து, ஒருமுறை உறுதியாகத் தள்ளி மூடினால் பெரும்பாலும் அது மறுபடி மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: சேனல் உறையில் 45 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. 900 மி.மீ. அகலமுள்ள இழுப்பறையில் பாத்திரங்களை நிறைத்து வைக்கலாமா?

பதில்: அந்த எண் ஒரு சேனலுக்கன்று, ஒரு ஜோடிக்கு. அதுவும் எடை பெட்டி முழுவதும் சீராகப் பரவியிருக்கும் நிலைக்கு. பெட்டியின் எடையும் முகப்பின் எடையும் அதில் அடங்கும். பெட்டி அகலமாக ஆக அந்தத் திறன் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 45 மி.மீ. உயரமுள்ள சாதாரணச் சேனல்கள் பெரும்பாலும் 35 முதல் 45 கிலோ வகையைச் சேர்ந்தவை, 900 மி.மீ. அகலத்துக்கு அதைவிடக் கனமான வகையை எடுப்பதே பாதுகாப்பு. அகலமான பெட்டியை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்திக் கோணிக்கொள்ளும். அண்டர்மவுண்ட் வகைகள் சிலவற்றில் இரு பக்கத்தையும் ஒரு தண்டால் இணைத்து ஒன்றாக ஓடச் செய்யும் அமைப்பு உண்டு. இந்த அகலத்துக்கு அது பொருத்தமானது.

எடையைப் பற்றிப் பேசும்போது, அது எங்கே நிற்கிறது என்பதையும் பேச வேண்டும். 500 மி.மீ. பெட்டியில் 20 கிலோ சீராக இருப்பதாக வைத்துக்கொள்வோம். முக்கால்வாசி வெளியே வரும் சேனலில் அந்த எடையின் மையம் அலமாரி விளிம்பிலிருந்து 125 மி.மீ. வெளியே நிற்கும்; முழு நீளச் சேனலில் 250 மி.மீ. வெளியே நிற்கும். எடை அதேதான்; ஆனால் அலமாரியை முன்னோக்கி இழுக்கும் நெம்பு விசை இரு மடங்கு. நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. சேனலின் முன்திருகு கீழ்நோக்கி அழுத்தப்படும்போது பின்திருகு மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே முன்னால் இரண்டு திருகு போட்டுவிட்டுப் பின்னால் விட்டுவிடும் வழக்கம் முழு நீளச் சேனலுக்கு ஒத்துவராது. முன், நடு, பின் என மூன்று இடங்களிலேனும் திருக வேண்டும்.

சுவரோடு பிணைக்கப்படாமல் தனியாக நிற்கும் அலமாரியானால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு மூன்று இழுப்பறைகளை ஒரே நேரத்தில் முழுவதும் திறந்தால் அலமாரியே முன்னால் சாயக்கூடும். சிறு குழந்தை திறந்த இழுப்பறையைப் பிடித்துத் தொங்கினால் ஒன்றே போதும். சேனல் மாற்றும் நாளிலேயே அலமாரியைச் சுவரில் கோணத்தகடு வைத்துப் பிணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் முழு நீளச் சேனல் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்பக்கம் எட்டும் வசதி வந்துவிட்டால் பெட்டியில் ஏறும் எடையும் கூடிவிடுகிறது. பழைய பெட்டியின் அடிப்பலகை 3 அல்லது 4 மி.மீ. தகடாக இருந்தால் நடுவில் தொய்யும். அதை 6 மி.மீ. அல்லது 9 மி.மீ. பிளைவுட்டாக மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: சேனலுக்கு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும்?

பதில்: போட வேண்டாம். குண்டுகளில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் இட்டிருப்பார்கள். மேலே தெளிக்கும் எண்ணெய் அந்தக் கிரீஸைக் கரைப்பதோடு, சமையலறையில் பறக்கும் மாவையும் தூசியையும் பிடித்து வைத்துப் பசையாக்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தடத்தைச் சுத்தம் செய்தால் போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகிலுள்ள இழுப்பறையில் ஈரமும் உப்பும் படும் என்பதால், அங்கே மட்டும் துருப்பிடிக்காத எஃகில் செய்த சேனலைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

கேள்வி: ஒரு பக்கச் சேனல் மட்டும் கெட்டுவிட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: அதே நிறுவனத்தின் அதே வகை கிடைத்தால் மாற்றலாம். வேறு வகையானால் தடிமனில் சில பத்தில் ஒரு மி.மீ. வேறுபாடும், வெளியே வரும் தூரத்தில் சில மி.மீ. வேறுபாடும் இருக்கும், பெட்டி முழுவதும் திறக்கும்போது ஒரு பக்கம் முன்பே நின்று மறுபக்கத்தைக் கோணலாக இழுக்கும். ஆகையால் ஜோடியாகவே மாற்றுங்கள். சமையலறை முழுவதற்கும் வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால், அந்த வகை சந்தையிலிருந்து மறைந்த பிறகும் துளைகளை மாற்றாமல் வேலை முடியும்.